உப்புக் கரைசலும் ஞானசந்திர கோஷும்

இம்மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நம் தமிழ் மன்றச் செயலாளர் என்னைப் பணித்தபோது, நான் பாரதியைப் பற்றியோ கப்பலோட்டிய தமிழரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எண்ணியிருப்பார். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுடைய நண்பர்கள் இம்மன்றத்தில் பலர் உளர். நான் விஞ்ஞான மாணவன். உப்பை நீரில் கரைத்து, அந்நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று இரண்டாண்டுகளாக அளந்துகொண்டிருப்பவன். இதே உப்புக் கரைசலைப் பற்றி நூறாண்டுகளுக்கு முன், என் வயதில், ஊணுறக்கம் மறந்து சிந்தித்த ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவர் பெயர் ஞானசந்திர கோஷ். அவர் தமிழர் அல்லர், வங்காளி. ஆயினும் அவர் கதை பம்பாய்த் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கிறது. முடிவில் காரைக்குடிக்கும் ஓர் எட்டுப் போய் வரலாம்.

அவரைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. சென்ற பருவத்தில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது, நானும் என் வழிகாட்டிப் பேராசிரியரும் அனுப்பிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்த செய்தி. கரைசல் மிகவும் நீர்த்திருக்கும் இடத்தில் எங்கள் அளவுகள் நம்பத்தக்கனவாக இல்லை என்று, பெயர் தெரியாத பரிசீலகர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இரண்டாவது, மின் வேதியியலுக்கென நடைபெறும் ஒரு சர்வதேசப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் சேருமாறு என்னை அழைத்தது. எம்.எஸ்ஸி. பட்டமே இன்னும் கைக்கு வராத என்னை அது டாக்டர் என்று விளித்திருந்தது! குழுவில் சேர ஆண்டுச் சந்தா டாலரில் கட்டவேண்டும். கட்டினால் என் கட்டுரையை ஏழு நாளில் அச்சிட்டுத் தருவார்களாம்.

சிரித்துவிட்டுத் தள்ளவேண்டிய கடிதம்தான். ஆனால் அந்த வாரத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பம் என் மேசைமேல் கிடந்தது. அதில் வெளிவந்த கட்டுரைகள் எத்தனை என்று ஒரு கட்டம்; வகிக்கும் ஆசிரியர் பொறுப்புகள் எவை என்று இன்னொரு கட்டம். உதவித்தொகை கிடைத்தால் படிப்பைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் அப்பாவின் கையிலிருந்து பாரத்தை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். தோல் பட்டறையில் வேலை. அம்மா வீட்டிலேயே முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். இரண்டு வெற்றுக் கட்டங்களை நிரப்ப எங்கள் வீட்டு இரண்டு மாத வாடகை போதும் என்று கணக்குப் போட்டவன் நான். அதை மறைப்பானேன்?

அந்த மனநிலையில்தான் நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய கட்டடத் தொகுதிகளுக்கு நடுவே, லண்டன் வேதியியல் கழகப் பத்திரிகையின் 1918ஆம் ஆண்டுத் தொகுதி கையில் அகப்பட்டது. அதன் 449ஆம் பக்கத்தில் கோஷின் பெயர் இருந்தது.

கோஷ் 1894 செப்டம்பரில் புருலியாவில் பிறந்தார். கிரிதியில் பள்ளிப் படிப்பு. பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரி. அக்கல்லூரியில் அவர் சேர்ந்த வகுப்பு இந்திய விஞ்ஞான வரலாற்றிலேயே தனித்த வகுப்பு எனலாம். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா, ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் அவருடைய சாலை மாணாக்கர்கள். 1915ல் எம்.எஸ்ஸி. தேறியவர்கள் இவர்கள். வேதியியலில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறியவர் கோஷ். இவர்களுக்கு ஆசானாக வாய்த்தவர் பிரபுல்ல சந்திர ரே. அவர் ஆய்வுக்கூடத்தில் நைட்ரைட்டுகளைத் தயாரிப்பார். வெளியே வந்தால் மருந்துத் தொழிற்சாலை நடத்துவார். சம்பளத்தில் பெரும் பகுதியை மாணவர்களுக்குச் செலவிட்டுவிட்டுத் தாம் கதர் வேட்டியோடு திரிவார்.

சர் அசுதோஷ் முகர்ஜி அப்போது கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கென ஒரு விஞ்ஞானக் கல்லூரியை உருவாக்கிக்கொண்டிருந்தார். தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரண்டு வழக்கறிஞர்கள் வாரி வழங்கிய செல்வத்தில் எழுந்த கல்லூரி அது. ஆள் எடுப்பதில் அசுதோஷ் வயதைப் பார்க்கவில்லை. தேர்வு முடிவு வருமுன்பே கோஷை விரிவுரையாளராக அழைத்துக்கொண்டார். இருபத்தொரு வயதில் ஆசிரியர்! ஆனால் அது முதல் உலகப்போர்க் காலம். ஜெர்மனியிலிருந்து கருவிகளும் வரவில்லை, புத்தகங்களும் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் ஆராய்ச்சி செய்யவேண்டுமானால் பிறர் அளந்து அச்சிட்டு வைத்த எண்களை எடுத்துக்கொண்டு, காகிதமும் பென்சிலுமாகச் சிந்திக்கலாம். கோஷ் அதைத்தான் செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலை, விஞ்ஞானம் படிக்காத நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அம்மா முறுக்கு மாவு பிசையும்போது உப்பை நீரில் கரைத்துத்தான் ஊற்றுவாள். கரைந்த உப்பு எங்கே போயிற்று? ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் இதற்கு ஒரு விடை சொன்னார். நீரில் விழுந்ததும் உப்பின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உடைய அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. அவையே மின்சாரத்தைச் சுமக்கின்றன. கரைசலை நீர்க்க நீர்க்க மேலும் மேலும் பிரிகின்றன என்பது அவர் கொள்கை. 1884ல் உப்சாலாவில் இதன் முதல் வடிவத்தை ஆய்வுரையாகக் கொடுத்தபோது, தேர்வாளர்கள் தாழ்ந்த தரத்தையே அளித்தனர். அவரை மீட்டது ஒரு பத்திரிகை. ஜெர்மனியில் ஆஸ்ட்வால்டும் வான்ட் ஹாஃபும் 1887ல் பௌதிக வேதியியலுக்கெனப் புதிய பத்திரிகை தொடங்கினர். அதன் முதல் தொகுதியிலேயே அர்ரீனியஸின் கட்டுரைக்கு இடம் கிடைத்தது. 1903ல் அவர் நோபல் பரிசு பெற்றார். பத்திராசிரியர் ஒருவர் இடம் கொடாதிருந்தால் அக்கொள்கை இன்னும் எத்தனை காலம் இருட்டறையில் கிடந்திருக்குமோ!

வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் போன்ற மென்மையான பொருள்களுக்கு அர்ரீனியஸின் கொள்கை அழகாகப் பொருந்தியது. ஆனால் சாதாரண உப்புக்குப் பொருந்தவில்லை. அளந்து பார்த்தால் எண்கள் விதிக்கு அடங்கவேயில்லை. மிகச் சிக்கலான பொருளுக்குப் பொருந்துகிற விதி அடுப்படி உப்புக்குப் பொருந்தவில்லை என்பது முப்பதாண்டுக் காலம் வேதியியலாரை உறுத்திய முள்.

கோஷ் இந்த முள்ளைத்தான் கையில் எடுத்தார். அவர் எண்ணம் துணிவானது. உப்பு ஒரு பகுதி மட்டும் பிரிகிறது என்பதே தவறு. நீரில் விழுந்தவுடன் முழுவதும் அயனிகளாகிவிடுகிறது என்றார். இதை அவருக்கு முன்னும் சதர்லாந்து, பியரும் முதலிய சிலர் சொல்லியிருந்தனர். கோஷ் அதனைக் கணக்காக்கினார். பிராக் தந்தையும் மகனும் 1913ல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தில் அயனிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியிருந்தார்கள். கரைசலிலும் அயனிகள் அதே வரிசையில்தான் நிற்கின்றன, இடைவெளி மட்டும் அகன்றுவிடுகிறது என்று கோஷ் கொண்டார். எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பை மீறிச் செல்லும் அளவு வேகமுள்ள அயனிகளே மின்சாரத்தைச் சுமக்க முடியும். எத்தனை அயனிகளுக்கு அந்த வேகம் உண்டு என்பதைக் கணக்கிட்டால் மின்கடத்துதிறன் கிடைத்துவிடும். பிறர் அளந்த எண்களை வைத்துச் சரிபார்த்தார். பல உப்புகளுக்கு விடை வியக்கத்தக்க அளவு பொருந்திற்று.

கையெழுத்துப் பிரதியை எங்கே அனுப்புவது? வேதியியலுக்கென்று இந்தியாவில் பத்திரிகை எதுவும் அன்று இல்லை. ரே 1896ல் தம் புகழ்பெற்ற மெர்க்குரஸ் நைட்ரைட்டைப் பற்றி எழுதியபோது அதை வங்காள ஆசியக் கழகத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். கல்வெட்டும் சுவடியும் நாணயமும் பேசப்படும் பத்திரிகை அது. எனவே கோஷ் தம் கட்டுரையை லண்டனுக்கே அனுப்பினார். அக்காலத்தில் இங்கிலாந்துத் தபால் ரயிலேறிப் பம்பாய் வந்து, இங்கிருந்து கப்பலேறியது. மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் திரிந்த நாட்கள் அவை. ஒரு தபால் மூட்டை கரை சேர்வதும் சேராததும் விதிவசம். நான் கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் பல்லார்டு கப்பல்துறையை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கட்டுரை கரை சேர்ந்தது. 1918ல் லண்டன் வேதியியல் கழகப் பத்திரிகையின் 113ஆம் தொகுதியில் கோஷின் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன: நீர்க் கரைசல்களைப் பற்றி ஒன்று, நீரல்லாத கரைசல்களைப் பற்றி ஒன்று, சவ்வூடு பரவல் அழுத்தத்தைப் பற்றி ஒன்று என்று. முதற்கட்டுரை வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. எனக்கும் இப்போது அதே வயதுதான். ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க மனம் எங்கே கேட்கிறது! கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவ்வாண்டே அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. ஐரோப்பியப் பாடநூல்களில் கோஷின் கொள்கை என்று தலைப்பிட்டு எழுதலானார்கள். அடிமை நாட்டிலிருந்து ஓர் இளைஞன் பௌதிக வேதியியலின் மையமான கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறான் என்பது அன்று சிறிய செய்தியல்ல.

1919ல் கோஷ் இங்கிலாந்து சென்றார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் டானன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் அவரை ஏற்றுக்கொண்டது. பழைய தோழர் முகர்ஜியும் அங்கே வந்து சேர்ந்தார். பஞ்சாபிலிருந்து சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் வந்தார். பட்நாகரை நாம் எல்லோரும் அறிவோம். நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களை எழுப்பியவர், அவர் பெயரால் பரிசும் உண்டு. இந்த மூன்று இளைஞர்களும் லண்டனில் கூடியிருந்தபோது, இந்தியாவுக்கென ஒரு வேதியியல் கழகமும் அதற்கென ஒரு பத்திரிகையும் வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடையே முளைவிட்டது. அயல்நாட்டுப் பத்திரிகை கோஷை ஏற்றுக்கொண்டு புகழ் தந்திருந்த நேரம் அது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். மனக்குறையால் பிறந்த எண்ணம் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

1921ல் தாயகம் திரும்பி, புதிதாகத் தொடங்கிய டாக்காப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். சத்யேன் போஸும் அதே ஆண்டு பௌதிகத் துறைக்கு வந்தார். அதற்குள் கோஷின் கொள்கை மேல் மேற்கே கணைகள் பாயத் தொடங்கிவிட்டன.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கெண்டல் 1922ல் அக்கொள்கையைக் கடுமையாகப் பரிசீலித்து எழுதினார். 1923ல் டிபையும் ஹூக்கெலும் ஜெர்மன் பத்திரிகையொன்றில் வெளியிட்ட கட்டுரை முடிவுகட்டியது. இன்று நம் பாடநூல்களில் இருப்பது அவர்கள் கொள்கைதான். அயனிகளுக்கிடையேயுள்ள மின் இழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கோஷ் கண்டது சரி. ஆனால் கரைசலில் அயனிகள் படிகத்தைப் போல் அணிவகுத்து நிற்பதாகக் கொண்டது பிழை என்று அவர்கள் காட்டினார்கள். வெப்பம் அயனிகளை ஓரிடத்தில் நிற்க விடாது. ஒவ்வோர் அயனியைச் சுற்றியும், சராசரியாகப் பார்க்கும்போது, எதிர்மாறான ஏற்றம் சற்று மிகுந்து மேகம்போல் சூழ்ந்திருக்கும், அவ்வளவே. இந்த மாற்றத்தின் விளைவு கணக்கில் எப்படித் தெரியும்? கோஷின் வழியில் போனால் கடத்துதிறனின் குறைவு செறிவின் கனமூலத்தைப் பொறுத்து வரும். டிபை வழியில் போனால் வர்க்கமூலத்தைப் பொறுத்து வரும். கோல்ராஷ் நெடுங்காலம் பொறுமையோடு அளந்து கண்டது வர்க்கமூலத்தையே. பின்னர் ஆன்சாகர் அதைச் செம்மைப்படுத்தினார்.

நூலகத்திலிருந்து வந்த இரவு நானே அக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்தில் ஒரு பங்கு நார்மல் பொட்டாசியம் குளோரைடு. வெப்பநிலை 18 டிகிரி. கோஷ் கருதிய அடுக்கில் இரண்டு அயனிகளுக்கிடையே உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டரில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. மின்சாரம் சுமக்கும் அயனிகள் 84 சதவீதம் என்று வருகிறது. அளந்து கண்டது 86. இருபத்து மூன்று வயது இளைஞன் காகிதத்தில் எட்டிப் பிடித்தது இது என்று பூரித்துப் போனேன். பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு நார்மலுக்குக் கணக்கிட்டேன். கணக்கு 96.3 என்றது, அளவு 97.9. முதற்பார்வைக்கு இதுவும் நெருக்கம்தான். ஆனால் நூறிலிருந்து குறைவதைப் பாருங்கள்: கணக்கில் 3.7, உண்மையில் 2.1. கிட்டத்தட்ட இரட்டிப்புப் பிழை! கரைசல் நீர்க்க நீர்க்க ஒரு நல்ல கொள்கை மேலும் நன்றாகப் பொருந்தவேண்டும். கோஷின் கொள்கை அங்கேதான் கைவிடுகிறது. எங்கள் கட்டுரையில் பரிசீலகர் விரல் வைத்த இடமும் இதுவேதான். அந்த நள்ளிரவில் தொண்ணூறு அடி ரோட்டில் லாரிகள் ஓடிக்கொண்டிருக்க, என் நோட்டுப் புத்தகத்தை நான் மூடிவிட்டேன்.

தம் பெயரால் வழங்கிய கொள்கை ஐந்தே ஆண்டில் வீழ்ந்தது ஓர் இளம் பேராசிரியருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் மனத்தை நான் அறியேன். அவர் கை செய்த வேலை மட்டும் ஏடுகளில் இருக்கிறது. டாக்காவில் ஒளிவேதியியல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒளி பட்டால் வேதிவினைகள் எப்படி விரைகின்றன என்பதை மாணவர்களோடு சேர்ந்து அளந்தார். இம்முறை காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. கருவிகளை வைத்து அளந்தார். இதைச் சிலர் பின்வாங்கல் என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிபையும் ஹூக்கெலும் அவர் பெயரைச் சொல்லி, அவர் வாதத்தை எடுத்துவைத்து, எங்கே பிழை என்று காட்டிய பிறகுதான் தங்கள் வாதத்தை அடுக்கினார்கள். அச்சேறாத எண்ணத்துக்கு அந்த மரியாதை கிடைக்காது. அச்சேறியும் எவரும் படியாத கட்டுரைக்கும் கிடைக்காது.

டிபை எழுதிய மறு ஆண்டு, 1924ல், லண்டனில் முளைத்த எண்ணம் கல்கத்தாவில் மரமாயிற்று. இந்திய வேதியியல் கழகம் தோன்றியது. ரே முதல் தலைவர், முகர்ஜி செயலாளர். கழகத்தின் பத்திரிகை முதலில் மூன்று மாதங்களுக்கொரு முறை வந்தது. 1928 முதல் காலாண்டு என்ற அடைமொழியை நீக்கிக்கொண்டது. கோஷ் தம் ஒளிவேதியியல் கட்டுரைகளில் பலவற்றை இதற்கே கொடுத்தார். லண்டன் பத்திரிகையின் கதவு தமக்குத் திறந்திருந்த ஒருவர், நேற்றுப் பிறந்த பத்திரிகைக்குத் தம் உழைப்பைக் கொடுப்பது எளிதான காரியமன்று. அதில் வந்ததை மேல்நாட்டார் படிப்பார்களோ என்னவோ! ஆனால் பெயர் பெற்றவர்கள் எழுதாவிட்டால் பத்திரிகைக்குப் பெயர் எங்கிருந்து வரும்?

பத்திரிகை கையில் இருப்பதும் இல்லாததும் என்ன வேற்றுமை செய்யும் என்பதற்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். அதே 1924ல் டாக்காவில் போஸ் தம் புள்ளியியல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முன்பின் அறியாத ஐன்ஸ்டைனுக்கு அதை அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பெர்லினில் அச்சேற்றினார். அந்த ஒரு மனிதர் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டிருந்தால்? இனி நம் ராமனைப் பாருங்கள். அவர் 1926ல் கல்கத்தாவிலிருந்து இந்தியப் பௌதிகப் பத்திரிகையைத் தொடங்கினார். 1928 மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் தம் புதிய ஒளிச்சிதறலைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மார்ச் 31ல் அது அவர் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. பதினைந்தே நாட்கள்! எனக்கு வந்த அழைப்பும் ஏழு நாளில் அச்சிடுவதாகச் சொன்னது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ராமன் பத்திரிகையில் வந்ததை உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உடனே செய்து பார்த்துச் சோதித்தன. எனக்கு வந்த அழைப்பில் சோதனை என்ற சொல்லே இல்லை.

கோஷின் பிற்கால வாழ்வு பதவிகளின் வரிசை. அதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1939ல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் தலைவர். அதே ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர். முன்னர் ராமன் வகித்த பதவி அது. போர்க்காலத்தில் விமானப் பொறியியல் முதலிய துறைகளை அங்கே தொடங்கினார். நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் வினையூக்கி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 1943ல் சர் பட்டம். 1950ல் கரக்பூரில் அமைந்த முதல் ஐ.ஐ.டி.க்கு முதல் இயக்குநர். அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது ஹிஜ்லி. வெள்ளையர் ஆட்சியில் விடுதலை வீரர்களை அடைத்துவைத்த சிறைமுகாம். 1931ல் கைதிகள் இருவர் காவலர் குண்டுக்கு இரையான இடம். அந்தக் கட்டடத்தில்தான் வகுப்புகள் தொடங்கின. முதல் ஆண்டு மாணவர் 224 பேர். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர். 1959 ஜனவரி 21ல் காலமானார்.

காரைக்குடியை மறந்துவிடவில்லை. கோஷின் லண்டன் தோழர் பட்நாகர் நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் நிறுவியபோது, மின் வேதியியலுக்கென ஒன்று வேண்டும் என்றதும் அதைத் தம் ஊருக்குக் கேட்டு வாங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டுப் பொங்கலன்று, ஜனவரி 14ல், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். செட்டிநாட்டுச் செம்மண்ணில் எழுந்த அந்த நிலையத்திலிருந்து 1985 முதல் மின் வேதியியலுக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை வெளிவந்தது. சீமைக்குக் கப்பலில் போன உப்புக் கணக்கு, சிவகங்கைப் பக்கத்துத் தபாலாபீசு முத்திரையோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு என்று எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி. இந்திய வேதியியல் கழகத்தின் பத்திரிகையோ நூறாண்டைத் தாண்டிவிட்டது. 2021 முதல் அதை அச்சிட்டு வெளியிடுவது எல்ஸ்வியர் என்னும் அயல்நாட்டுப் பதிப்பகம். மூன்று நண்பர்கள் லண்டனில் கண்ட கனவில் இது இருந்ததா என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி என் கடிதங்களின் கதை. நூலகத்திலிருந்து வந்த மறுவாரம், பரிசீலகர் எழுதிய இரண்டு பக்கத்தையும் பேராசிரியரும் நானும் வரிவரியாகப் படித்தோம். முதல் நாள் எனக்குப் பகையாளியின் எழுத்தாகத் தோன்றியது. இப்போது படித்தால், எங்கள் அட்டவணையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அவர் தாமே போட்டுப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. ஊதியமில்லாமல், பெயரும் இல்லாமல், எங்கோ இருக்கும் ஒருவர் என் எண்களோடு ஓர் இரவைக் கழித்திருக்கிறார்! அவர் ஐயுற்றது சரி. நாங்கள் பயன்படுத்திய நீர் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சியிருக்கிறது. காற்றோடு கலந்து நின்ற நீருக்குத் தானாகவே சுமார் ஒரு மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறன் வந்துவிடும். செறிந்த கரைசலில் அது தெரியாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடில் மொத்தமே பதினைந்து மைக்ரோசீமன்ஸ்தான். அதில் ஒன்று களவு என்றால் எந்தக் கொள்கையையும் அதைக் கொண்டு நிலைநாட்டவும் முடியாது, வீழ்த்தவும் முடியாது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். கட்டுரைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஆசிரியர் பொறுப்புகள் என்ற கட்டத்திலும் ஒரு கோடு. அப்பா எட்டிப் பார்த்தார். இரண்டு கோடுகளுக்கும் பொருள் கேட்டார், சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போனார். சற்றுக் கழித்து எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன். நீரை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, நைட்ரஜனைச் செலுத்தியபடியே ஆறவிட்டு, மூடிய கலத்தில் மின்கடத்துதிறனை அளந்தேன். முன்பு ஒன்றுக்கு மேல் காட்டிய கருவி இப்போது 0.1 காட்டியது. நீர்த்த கரைசல்கள் ஒன்பதையும் முதலிலிருந்து தயாரிக்கவேண்டும். நான்கு முடிந்திருக்கின்றன.